உப்புக்காற்றும் பால் ஜாயிண்டும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் காருக்கு ஒன்பது வயதாகிறது. மண்டபத்திலிருந்து நாள்தோறும் பாம்பன் பாலத்தைக் கடந்து ராமேஸ்வரத்துக்கு வேலைக்குப் போய் வருகிறேன். சில வாரங்களாக வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்க இடது சக்கரத்தில் ‘டொக்’ என்று ஓசை கேட்கிறது. பால் ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது என்கிறார் மெக்கானிக். ஸ்பேனர் பிடித்துப் பழகியவன் நான். இதை வீட்டிலேயே மாற்றலாமா?
– வாசகர், மண்டபம்

பதில்: மாற்றலாம். பால் ஜாயிண்ட் என்பது, சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் என்ற வார்ப்புத் துண்டையும் காரின் அடியிலுள்ள லோயர் ஆர்ம் என்ற கையையும் இணைக்கும் குண்டு மூட்டு. முதலில் ஓசை அங்கிருந்துதான் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். காரின் மாதிரியை நீங்கள் எழுதவில்லை; நம் பக்கம் ஓடும் பெரும்பாலான சிறிய கார்களைப் போல முன்பக்கம் ஸ்ட்ரட் அமைப்பு (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக இருப்பது) கொண்டது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, காரின் முன்பகுதியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து உள்ளும் புறமும் ஆட்டும்போது, இன்னொருவர் லோயர் ஆர்மின் முனையில் விரலை வைத்துக் கவனிக்கட்டும். ஆர்முக்கும் நக்கிளுக்கும் இடையில் அசைவு தெரிந்தால் பால் ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது. பிரேக்கை அழுத்திப் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் இருந்தால் டை ராட் எண்டை (ஸ்டீயரிங் கம்பியின் முனை மூட்டை) பார்க்க வேண்டும். ஸ்ட்ரட் அமைப்பில் வண்டியின் எடையை ஸ்ட்ரட் சுமப்பதால் கீழே உள்ள பால் ஜாயிண்டில் கண்ணுக்குத் தெரியும் ஆட்டமே இருக்கக் கூடாது. இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஜாயிண்டின் குண்டு தன் கிண்ணத்தைவிட்டு வெளியே வந்துவிட்டால் சக்கரம் மடிந்து கார் தரையில் இழுபடும். பாலத்தின் நடுவே அப்படி நேர்ந்தால் ஒதுங்க இடமில்லை.

நம் கடற்கரையில் இந்த ஜாயிண்ட் சீக்கிரம் கெடுவதற்குக் காரணம் அதை மூடியிருக்கும் ரப்பர் உறைதான். அதில் ஊசிமுனை அளவு வெடிப்பு விழுந்தாலும் உப்பு நீரும் நுண்மணலும் உள்ளே போய்விடும். என் காரில் கழற்றிய ஒரு ஜாயிண்டின் உறையைக் கத்தியால் கீறிப் பார்த்தேன். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செங்காவி நிறத்தில் ஒரு குழம்பு இருந்தது. விரலில் தேய்த்தபோது மணல் நறநறத்தது. பளபளவென்று இருக்க வேண்டிய குண்டில் அம்மைத் தழும்பு போலத் துருக்குழிகள் விழுந்திருந்தன. அந்த நிலைக்குப் போன ஜாயிண்டைக் கிரீஸ் அடித்துக் காப்பாற்ற முடியாது.

இனி வேலைக்கு வருவோம். நம் வீட்டு முற்றங்கள் மணல் தரை. ஜாக்கியை அதன்மேல் நேரடியாக வைத்தால், தூக்கும்போது சமமாக நிற்பது போலத் தோன்றி, நீங்கள் அடியில் கை விட்ட பிறகு ஒரு பக்கமாகப் புதையும். ஆகவே ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் கீழே இரண்டு அங்குல கனமுள்ள அகலப் பலகை போடுங்கள். செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ முட்டுக்கொடுக்க வேண்டாம். அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கிவிடும். இதில் மட்டும் எந்தச் சிக்கனமும் வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த தடை துரு. பல சிறிய கார்களில் ஜாயிண்டின் தண்டை நக்கிளில் உள்ள பிளவுபட்ட துளைக்குள் செருகி, குறுக்கே ஒரு போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். முந்தின நாள் மாலையிலேயே அந்த போல்ட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை அடித்து, காலையில் இன்னொரு முறை அடியுங்கள். தண்டின் கழுத்தில் ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். போல்ட் அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் போகிறது. ஆகவே போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் தண்டு வராது, முழுவதுமாக உருவி எடுக்க வேண்டும். இது தெரியாமல் சம்மட்டியால் அடித்து நக்கிளையே உடைத்தவர்கள் உண்டு. பிளவைச் சிறிது விரிக்க உளியைப் பயன்படுத்தலாம். அளவு மீறினால் வார்ப்பு கீறிவிடும்.

உங்கள் காரில் தண்டு கூம்பு வடிவில் இருந்து நட்டால் இறுக்கப்பட்டிருந்தால், புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டுக் கழற்றுவதே நல்லது. ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் தூக்கினால், இரு பக்கச் சக்கர அமைப்புகளையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பி முறுக்கேறி ஆர்மைக் கீழிறங்க விடாது. இரண்டு முன்சக்கரங்களையும் தூக்கிவிட்டால் ஒரு கடப்பாரையால் எளிதாக அமுக்கிவிடலாம். தண்டு வெளியே வந்ததும் நக்கிள் வெளிப்பக்கமாகச் சாயும்; ஆக்ஸில் உருவிக்கொள்ளாமலும் பிரேக் ஹோஸ் இழுபடாமலும் கயிற்றால் கட்டி வையுங்கள்.

சில கார்களில் பால் ஜாயிண்ட் தனியாகக் கிடைக்காது, ஆர்மோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும். சிலவற்றில் அதை ஆர்முக்குள் அழுத்திப் பொருத்தியிருப்பார்கள். அதை வீட்டில் சுத்தியலால் தட்டி ஏற்றினால் கோணலாக உட்காரும். ஆர்மைக் கழற்றி ராமநாதபுரத்தில் ஏதேனும் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் பிரஸ்ஸில் ஏற்றி வாருங்கள். அப்படிச் செய்தாலும் இது வீட்டு வேலைதான்.

பூட்டும்போது புதிய நட்டும், நட்டு கழலாமல் துளையில் செருகி மடக்கும் புதிய ஸ்பிலிட் பின்னும் போடுங்கள். பின்னுக்குரிய துளை நேராக வராவிட்டால் நட்டைச் சற்றுக் கூடுதலாக இறுக்கி நேர்படுத்த வேண்டும். ஒருபோதும் தளர்த்தக் கூடாது. இறுக்கும் அளவைக் காரின் கையேட்டில் பார்த்து டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனரால்) இறுக்குங்கள். ஆர்மையும் கழற்றியிருந்தால், அதன் புஷ் (ரப்பர் உருளை) போல்ட்டுகளைக் காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே முழுமையாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டு சில மாதங்களில் கிழிந்துவிடும். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஜீப் வகை வண்டி வைத்திருக்கிறேன். மேலும் கீழும் இரண்டு பால் ஜாயிண்டுகள் உள்ளன. அதற்கும் இதே முறைதானா?
– வாசகர், கீழக்கரை

பதில்: இல்லை, இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. உங்கள் வண்டியில் ஸ்பிரிங்கின் விசை கீழ் ஆர்மின் மீது இருக்கக்கூடும். கீழ் ஜாயிண்டைப் பிரித்த கணத்தில் அடக்கிவைத்த அந்த விசை முழுவதும் ஆர்மைக் கீழே அறைந்து தள்ளும். எனவே வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திய பிறகும், கீழ் ஆர்மின் அடியில் ஜாயிண்டுக்கு அருகில் ஜாக்கியை வைத்துத் தாங்கிக்கொண்டு, அதை எடுக்காமலேயே வேலையை முடிக்க வேண்டும். ஆட்டம் பார்க்கும்போதும் ஜாக்கியை அந்த ஆர்மின் அடியில் கொடுத்தால்தான் ஜாயிண்டின் மேல் சுமை நீங்கி ஆட்டம் தெரியும். இவ்வகையில் எவ்வளவு ஆட்டம் வரை விடலாம் என்பதைக் கையேட்டில் பார்த்து முடிவு செய்யுங்கள். முதன்முறை செய்பவராக இருந்தால், அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கேள்வி: தனுஷ்கோடிக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்கிறேன். ரப்பர் உறை வெடிக்காமல் இருக்க அடிப்பகுதி முழுவதும் பழைய எஞ்சின் ஆயில் அடிக்கலாம் என்கிறார்கள். சரியா?
– வாசகர், ராமேஸ்வரம்

பதில்: இரும்புக்கு அது ஓரளவு காப்பாகலாம், ரப்பருக்குக் கேடு. ஆயில் பட்ட ரப்பர் ஊதி, இளகி, முன்னதாகவே கிழியும். அரிச்சல்முனை வரை போய் வந்த அன்று, வண்டியின் அடியில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். உவர்ப்பான போர் தண்ணீரில் கழுவினால் உப்பின் மேல் உப்பைத்தான் ஏற்றுகிறோம். தீவில் நல்ல தண்ணீரின் அருமை எனக்குத் தெரியும். சக்கரத்தின் பின்பக்கத்துக்கு மட்டும் இரண்டு வாளி போதும். சர்வீஸ் நிலையத்தின் அழுத்தக் குழாயை உறையின் விளிம்புக்கு நேராகப் பிடிக்க விடாதீர்கள். அந்த வேகத்தில் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். மாதம் ஒரு முறை ஸ்டீயரிங்கை முழுவதுமாக ஒடித்து வைத்து, டார்ச் அடித்து உறையின் மடிப்புகளைப் பாருங்கள். மடிப்பில் கிரீஸ் கசிந்து அதில் மணல் ஒட்டியிருந்தால் உறை கிழிந்துவிட்டது என்று பொருள். உடனே ஆட்டமும் பார்த்துவிடுங்கள்.