நான்கு வழியும் ஒரு பாண்டும்

கேள்வி: எனக்கு வயது 23. வீடு பட்டர்வொர்த்தில். வேதியியல் பட்டப்படிப்பு முடித்து மூன்று மாதம் ஆகிறது. பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு செமிகண்டக்டர் கம்பெனியில் புரோசஸ் இன்ஜினியர் வேலை கிடைத்திருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 3,400 ரிங்கிட். ஆனால் பயிற்சி கொடுப்பதால் 2 வருட பாண்டு, இடையில் நின்றால் 12,000 ரிங்கிட் கட்ட வேண்டும் என்று ஆஃபர் லெட்டரில் இருக்கிறது. அம்மாவோ அரசாங்க வேலைதான் நிலையானது, ஆசிரியராகு என்கிறார். எனக்கும் சொல்லிக்கொடுக்கப் பிடிக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேருக்கு டியூஷன் எடுக்கிறேன். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் தமிழ், மலாய் இரண்டிலும் ஏ. என் பேராசிரியர் மாத அலவன்ஸ் தருகிறேன், மாஸ்டர்ஸ் செய்ய வா என்கிறார். அப்பாவுக்குக் கேட்டரிங் தொழில்; முழங்கால் வலியோடு ஓடிக்கொண்டிருக்கிறார், வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் நான் வந்தால் சந்தோஷப்படுவார். போதாததற்குச் சிங்கப்பூர் மாமா வேறு அங்கே கூப்பிடுகிறார். பிடிபிடிஎன் உயர்கல்விக் கடன் 25,000. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும். எதை எடுப்பது?
— பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்

பதில்: அன்புத் தங்கைக்கு, எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்பதால் எல்லாமே ஒன்றோடொன்று மோதுவதுபோல் இருக்கிறது. ஒரு தாளில் மாதங்களை வரிசையாக எழுதி, எது எப்போது தொடங்கும், எது எவ்வளவு காலம் உங்களைக் கட்டிப்போடும் என்று குறித்துப் பாருங்கள். உண்மையில் மோதுவது இரண்டுதான்: கம்பெனியின் பாண்டும் ஆசிரியர் பயிற்சியும். அப்பாவின் தொழில் எங்கும் ஓடிவிடாது. மாஸ்டர்ஸ் அடுத்த வருடமும் இருக்கும். சிங்கப்பூர் இப்போதைக்குக் கணக்கிலேயே இல்லை. ஆகவே வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பாண்டு வாசகத்தை இப்போது இருக்கிறபடி விட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதலில் காசுக் கணக்கு. 3,400-இல் ஊழியர் சேமநிதிக்கு உங்கள் பங்கு 11 விழுக்காடு, அதாவது 374 ரிங்கிட். முதலாளி தன் பங்காக 13 விழுக்காடு, 442 ரிங்கிட் போடுவார். சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் வேலைக் காப்புறுதியும் சேர்ந்து ஒரு சிறு தொகை போகும். இந்தச் சம்பளத்தில் தனி ஆளுக்கு வருமான வரி வராது. கைக்கு ஏறத்தாழ 3,000. காரில் போனால் பினாங்குப் பாலத்துக்கு ஒரு தடவை 5.74, தீவுக்குப் போகும்போது மட்டும்தான் பிடிப்பார்கள், மாதம் 22 நாளுக்கு 126 ரிங்கிட். மோட்டார் சைக்கிளுக்கு 2019 முதல் டோல் கிடையாது. கம்பெனி பஸ் பட்டர்வொர்த் பக்கம் வருகிறதா, இன்ஜினியர்களை ஏற்றுவார்களா என்று கேளுங்கள். பல இடங்களில் ஷிப்ட் ஆட்களுக்கு மட்டும்தான் பஸ்.

ஓவர்டைம் பற்றி இன்டர்வியூவில் "இன்ஜினியருக்கெல்லாம் ஓ.டி. இல்லை" என்று சொல்லியிருக்கலாம். 2023 முதல் மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டாதவர்களுக்கு ஓவர்டைம் உரிமை உண்டு. பதவியின் பெயர் என்னவாக இருந்தாலும் சரி. 3,400-ஐ 26-ஆலும் பிறகு 8-ஆலும் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 16.35. சாதாரண நாளில் அதன் ஒன்றரை மடங்கு, சுமார் 24.50. முதல் வாரமே போய்ச் சட்டம் பேசச் சொல்லவில்லை. எத்தனை மணிக்கு வந்தீர்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள் என்பதை மட்டும் நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பாண்டுக்கு வருவோம். அந்த வாசகத்தில் நான்கு விஷயம் தேடுங்கள். 2 வருடம் எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது? வேலையில் சேர்ந்த நாளா, பயிற்சி முடிந்த நாளா, நிரந்தரமாக்கிய நாளா? பயிற்சி ஆறு மாதம் தள்ளிப்போய், அது முடிந்த நாளிலிருந்து எண்ணினால் 2 வருடம் இரண்டரை வருடம் ஆகிவிடும். அடுத்தது, பயிற்சி என்றால் என்ன? வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்களா, வெண்டரிடம் சான்றிதழ் வாங்கித் தருகிறார்களா, அல்லது சீனியர் பக்கத்தில் நின்று பார்ப்பதற்குப் பெயரே பயிற்சியா? மூன்றாவது, புரோபேஷனில் அவர்களே உங்களை வேண்டாம் என்றால் பாண்டு என்னவாகும்? நான்காவதுதான் முக்கியம்: நாளாக ஆகத் தொகை குறைகிறதா, அல்லது 23-ஆவது மாதம் நின்றாலும் முழு 12,000-ஆ?

1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும். ஆனால் அதைக் கோர்ட்டில் போய்ச் சொல்லும் நிலைமை உங்களுக்கு வரக்கூடாது. அதனால் இப்போதே கேளுங்கள்: 12,000-ஐ 24-ஆல் வகுத்து மாதம் 500 வீதம் குறைத்து எழுதித் தர முடியுமா? எச்ஆருக்கு இது புதிய கேள்வி இல்லை. இதைக் கேட்டதற்காக ஆஃபரைத் திரும்பப் பெறும் கம்பெனி என்றால், உள்ளே எப்படி இருக்கும் என்பது வெளியிலிருந்தே தெரிந்துவிட்டது. நோட்டீஸ் காலத்தையும் பாருங்கள். சட்டப்படி அது இரு தரப்புக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். நீங்கள் போனால் 3 மாதம், அவர்கள் அனுப்பினால் 1 மாதம் என்று இருந்தால் அது செல்லாது.

வேலை எப்படி இருக்கும்? பினாங்கில் பெரும்பாலும் நடப்பது சிப்பின் பின்பாதி வேலை: வேஃபர் என்ற சிலிக்கான் தகட்டைச் சிப்புகளாக அறுப்பது, சிப்பை ஒட்டுவது, தலைமுடியைவிட மெல்லிய கம்பியால் இணைப்பது, மேலே பிளாஸ்டிக் மோல்டு போடுவது, டெஸ்ட் செய்வது. வேதியியல் படித்தவருக்கு இதில் சரியான இடங்கள் உண்டு: ஒட்டுப் பசை, வெள்ளீய முலாம், மோல்டுக் கலவை, பழுது ஆராயும் லேப். காலையில் மீட்டிங். ராத்திரி ஷிப்டில் எந்த லாட்டை, அதாவது எந்தச் சிப் தொகுதியை, நிறுத்தி வைத்தார்கள், ஏன், எப்போது விடுவீர்கள் என்று கேட்பார்கள். பதில் உங்களிடம் இருக்க வேண்டும். கம்பியை இழுத்துப் பார்க்கும் சோதனையில் எண் இறங்கியிருந்தால் கருவியா, கம்பிச் சுருளா, முதல் நாள் வந்த பசையா என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போக வேண்டும். வாடிக்கையாளர் புகார் வந்தால் எட்டுப் படியில் அறிக்கை. ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வரும். கிளீன்ரூமில் உள்ளே போகும்போது முகப்பவுடர், மையெல்லாம் கூடாது. நெற்றித் திருநீறும் குங்குமமும் அதே கணக்கில்தான் சேரும், ஒரு துகள் விழுந்தால் ஒரு சிப் போச்சு. அம்மாவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இந்த வேலை பிடிக்காமல் போகிறவர்கள் பெரும்பாலும் வேதியியலுக்குப் பயந்து ஓடுவதில்லை. ஒரே பிரச்சினை மூன்றாவது தடவை திரும்பி வரும்போது ஏற்படும் அலுப்பும், புரொடக்ஷன் ஆட்களோடு தினமும் மல்லுக்கட்டுவதும்தான் காரணம். இறுதியாண்டு ஆய்வில் சாம்பிள் சரியாக வராத வாரங்களில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். எரிச்சலோடு என்றாலும் தோண்டிக்கொண்டே இருந்தீர்கள் என்றால் இது ஒத்துவரும்.

ஆசிரியர் வேலைக்கு அம்மா சொல்லும் காரணம் தவறில்லை. 2024 டிசம்பரில் வந்த புதிய சம்பள முறைக்குப் பிறகு தொடக்கச் சம்பளமும் கூடியிருக்கிறது. ஆனால் உங்கள் பட்டம் உங்களை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை வீட்டில் யாரும் பேசியதாகத் தெரியவில்லை. வேதியியல் என்பது இடைநிலைப் பள்ளிப் பாடம். அம்மா மனத்தில் இருப்பது வீட்டுக்குப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி. பட்டம் காட்டும் வழியோ தேசிய இடைநிலைப் பள்ளியின் படிவம் நான்கு, ஐந்து வகுப்பு. பட்டதாரிகளுக்கான ஆசிரியர் பயிற்சி டிப்ளோமாவுக்குக் கல்வி அமைச்சு விளம்பரம் செய்யும்போது எந்தெந்தப் பாடப்பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற பட்டியல் வரும். அதில் உங்கள் பட்டம் எங்கே பொருந்துகிறது என்பதை முதலில் பாருங்கள். தமிழ்ப்பள்ளிப் பிரிவு திறந்தால் எஸ்பிஎம் தமிழ் ஏ கை கொடுக்கும். மலாய் ஏ எல்லா அரசாங்க வேலைக்கும் கை கொடுக்கும்.

விளம்பரம் வருடா வருடம் ஒரே மாதத்தில் வருவதில்லை. வந்த பிறகு விண்ணப்பம், தகுதித் தேர்வு, நேர்முகம், பயிற்சி, அதற்கப்புறம் கல்விச் சேவை ஆணையத்தின் நியமனம். இவ்வளவுக்கும் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து காத்திருப்பதால் புள்ளி கூடப் போவதில்லை. வேலை செய்துகொண்டே விண்ணப்பிக்கலாம். முழுநேரப் பயிற்சிக்கு அழைப்பு வரும் நாளில்தான் ராஜினாமா செய்ய வேண்டியிருக்கும். அங்கேதான் பாண்டு குறுக்கே நிற்கும். மாதம் 500 குறைய வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துவதும் அதனால்தான். 14-ஆவது மாதம் அழைப்பு வந்தால் மீதம் 10 மாதத்துக்கு 5,000 கட்டிவிட்டுப் போகலாம். முழு 12,000 என்றால் அந்த அழைப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழ வேண்டியிருக்கும்.

இன்னும் இரண்டு விஷயம். முதல் போஸ்டிங் பினாங்கில்தான் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். ஜோகூர், பகாங் என்று போய், இடமாற்றம் கேட்டு வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறைய. அடுத்தது, மேசையைச் சுற்றி உட்கார்ந்த மூன்று பிள்ளைகளை வைத்து முடிவுக்கு வராதீர்கள். வகுப்பு என்றால் 30 பேர், ஒவ்வொரு பாடத்துக்கும் முன்கூட்டியே எழுதிய பாடத்திட்டம், வகுப்பறை மதிப்பீட்டுக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் பதிவு, மதியத்துக்கு மேல் புறப்பாடம். சிறிய பள்ளி என்றால், 150 பிள்ளைகளுக்குக் குறைவான தமிழ்ப்பள்ளிகளில் இருப்பதுபோல, ஒரே ஆசிரியர் மூன்று நான்கு பொறுப்பைச் சுமப்பார். சனிக்கிழமையில் ஒரு டியூஷன் சென்டரில் படிவம் நான்கு வகுப்பு ஒன்றை மூன்று மாதம் எடுத்துப் பாருங்கள். பின்வரிசையில் தூங்குகிறவனை என்ன செய்வது என்று யோசிக்கப் பிடித்தால் ஆசிரியராகலாம்.

மாஸ்டர்ஸ் பற்றிச் சுருக்கமாக. பேராசிரியரின் அலவன்ஸ் அவருடைய ஆராய்ச்சி கிராண்டிலிருந்து வருகிறது. கிராண்ட் முடிந்தால் அலவன்ஸும் முடியும், ஆய்வு முடிந்திருக்காது. கிராண்ட் எந்த மாதம் முடிகிறது, படிப்புக் கட்டணம் யார் கட்டுவது, அவரிடம் இதுவரை சேர்ந்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்று கேளுங்கள். மூன்றாவதை அவரிடம் கேட்காமல் அவருடைய பழைய மாணவர்களிடம் கேட்டால் நல்லது. கம்பெனியில் ஒன்றரை வருடம் இருந்துவிட்டு மாஸ்டர்ஸுக்குப் போகிறவர்கள் தலைப்பைத் தாங்களே கொண்டுவருகிறார்கள். இப்போது போனால் அவர் தருகிற தலைப்புதான். எங்கள் கணிப்பில் இது இப்போது வேண்டாம்.

அப்பாவின் தொழிலைக் கடிதத்தின் பிற்பகுதியில்தான் சொல்லியிருக்கிறீர்கள். இதற்கு வேலையை விட வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கடந்த 12 மாத ஆர்டர்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் அரிசி, காய்கறி, கோழி, கேஸ், வேன், கூலியாட்கள் எல்லாம் கழித்து, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரு நாள் சம்பளம் என்று ஒரு தொகையும் கழியுங்கள். வீட்டுத் தொழிலில் எல்லாரும் விட்டுவிடும் வரி அதுதான். அதன் பிறகு மிஞ்சுவதுதான் லாபம். கல்யாணம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் எதை வைத்து ஓட்டுகிறார் என்று பாருங்கள். பள்ளிக் கேண்டீன், கம்பெனி மதியச் சாப்பாடு என்று மாதாந்திர ஆர்டர் ஒன்றாவது இருக்கிறதா? உதவியாளர்கள் எல்லாரும் உணவு கையாள்வோர் பயிற்சியும் டைஃபாய்டு தடுப்பூசியும் முடித்தவர்களா? 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைப்படி இரண்டும் கட்டாயம். கம்பெனி ஆர்டர் கேட்கப் போனால் முதலில் அந்தச் சான்றிதழ்களைத்தான் கேட்பார்கள். அப்பாவுக்கு இப்போது தேவை பாத்திரம் தூக்க இன்னொரு ஆள். அதற்குப் பட்டதாரி மகள் வேண்டாம், உங்கள் முதல் சம்பளத்திலிருந்தேகூட ஆள் வைக்கலாம்.

மாமாவுக்கு மரியாதையாக ஒரு பதில்: சிங்கப்பூரின் எஸ் பாஸ் என்ற வேலை அனுமதிக்கு 2025 செப்டம்பர் முதல் குறைந்தது 3,300 சிங்கப்பூர் டாலர் சம்பளம் வேண்டும், கம்பெனிக்கு வெளிநாட்டு ஆட்களை எடுக்கக் கோட்டாவும் வேண்டும். அனுபவம் இல்லாத ஒருவருக்காக அந்த இடத்தைச் செலவழிக்கத் தயங்குவார்கள். இரண்டு வருடம் கழித்துப் பேசலாம்.

பிடிபிடிஎன் படிப்பு முடிந்து 12 மாதம் கழித்துக் கட்டத் தொடங்க வேண்டும், உங்களுக்கு இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது. அந்த ஒன்பது மாதமும் சம்பளத்தில் 500 தனிக் கணக்கில் போடுங்கள். பாண்டு குறையாமல் இருந்தால் அது பாண்டுப் பணம். குறைந்தால் கடனுக்கு முன்பணம்.

திங்கட்கிழமை எச்ஆருக்கு மெயில் அனுப்புங்கள், போனில் பேச வேண்டாம். ஆஃபருக்கு நன்றி, சேர விருப்பம் என்று முதல் வரி. அடுத்து மேலே சொன்ன நான்கு கேள்வி, நோட்டீஸ் காலம், கம்பெனி பஸ். மாதாமாதம் குறையும்படி வாசகத்தைத் திருத்தித் தர முடியுமா என்று நேரடியாகக் கேளுங்கள். புதன்கிழமைக்குள் பதில் வரவில்லை என்றால் இன்னொரு மெயில். "அதெல்லாம் பார்த்துக்கலாம், கவலைப்படாதீங்க" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால், அதையே ஒரு மெயிலில் எழுதி "இப்படித்தானே புரிந்துகொள்ள வேண்டும்?" என்று திருப்பி அனுப்புங்கள். திருத்திய லெட்டர் கைக்கு வந்தால் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடலாம். முடியாது என்று எழுதினால், 2 வருடத்துக்கு ஆசிரியர் விண்ணப்பத்தைத் தள்ளிப்போட மனம் ஒப்புகிறதா என்று அம்மாவோடு உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள்.