சென்னையில் இவ்வளவு குடிசை மாற்று வாரிய வீடுகள் கட்டியும் ஏன் இன்னும் குடும்பங்கள் நடைபாதையில் இருக்கின்றன? அரசுப் பணம் எங்கே போகிறது?

பெரும்பாலும் கட்டடமாகப் போகிறது. ஆனால் தெருவுக்கு வந்துவிட்ட குடும்பத்துக்குப் பல நேரம் தேவைப்படுவது ஒரு வாடகை அட்வான்ஸ். அதற்குத்தான் யாரும் காசு ஒதுக்குவதில்லை. நான் பிராட்வே பக்கம் வேலை பார்க்கிறவன், வால்டாக்ஸ் சாலை, என்.எஸ்.சி. போஸ் சாலை குடும்பங்களைப் பல வருடமாகப் பார்த்துப் பழகியவன். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கட்டடக் கதை. குடிசை மாற்று வாரியம் 1970-ல் வந்தது. 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்று எழுதி வைத்துக்கொண்டு, குடிசை இருந்த இடத்திலேயே அடுக்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள். 1977-ல் உலக வங்கிக் கடன் வந்ததும் போக்கு மாறியது: அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் தண்ணீர், சாக்கடை, சாலை போட்ட மனையைத் தவணைக்குக் கொடுத்து, 'வீட்டை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள்' என்றார்கள். இன்றைக்கு அந்தத் தெருக்களில் நடந்தால் அதெல்லாம் ஏழைகளுக்கென்று பிரித்த மனை என்று கண்டுபிடிக்கவே முடியாது. என் கணக்கில் ஏழைகளுக்கென்று அரசு செய்த வீட்டு வேலைகளில் உருப்படியானவை இந்த இரண்டும்தான்.

2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் தெற்கு ஓரத்தில் பெரிய வாரியக் குடியிருப்புகள் வந்தன. நகரத்துக்குள் நிலம் விலை ஏறிவிட்டது, வெளியே புறம்போக்கு கிடைத்தது, மத்திய அரசுத் திட்டங்களும் எத்தனை வீடு முடிந்தது என்றுதான் கேட்டன. கூவம், அடையாறு கரையிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் ஆட்களை ஏற்றிக்கொண்டுபோய் அங்கே வைத்தார்கள், பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்கில். 2021-ல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. பெரும்பாக்கம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் பத்ரியன் தெருவில் பூ வாங்கிக் கட்டி விற்கிறவர். அவர் மகளுக்குப் பெரும்பாக்கத்தில் அலாட்மென்ட் கிடைத்தது. போனார்கள், சில மாதத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். விடியற்காலை நாலு மணிக்குப் பூ இறங்கும்போது கடை வாசலில் நிற்கவேண்டும். அந்த நேரத்துக்கு அங்கிருந்து எப்படி வருவது? இப்போது பழைய சுவரோரம்தான்: தார்பாய், சங்கிலி போட்டுக் கட்டிய டிரங்குப் பெட்டி, மண்ணெண்ணெய் ஸ்டவ். அதுவும் சும்மா இல்லை. குளிக்கக் காசு, போன் சார்ஜ் போடப் பெட்டிக்கடையில் காசு, பிள்ளைக்குக் கொசு கடித்துக் காய்ச்சல் வந்தால் ஊசிக்குக் காசு. 'வாடகை மாசம் நாலாயிரம் நான் குடுத்துடுவேன் தம்பி, ஒரேயடியா நாப்பதாயிரம் எங்க போறது?' என்றார் ஒருமுறை.

இந்த நாற்பதாயிரம்தான் விஷயம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது எழுதாத சட்டம். எழுதிய சட்டம் வேறு: 2017-ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்கிறது, 'இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டாலொழிய'. அந்த ஒரு வரி போதாதா? வீடு தேடி அலைகிறவர் எதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார்!

வாரியமே இதே இடத்தில்தான் சறுக்குகிறது. பழைய குடியிருப்பை இடித்துத் திரும்பக் கட்டும்போது, கட்டி முடியும்வரை வெளியே இருக்க ஒரு கருணைத் தொகை தருவார்கள். முன்பு 8,000 ரூபாய், அப்புறம் 24,000 ஆக்கினார்கள். கட்டுமானக் காலம் முழுவதற்கும் அவ்வளவுதான். மேலே சொன்ன அட்வான்ஸுக்கே காணாது. மிச்சத்துக்கு வட்டிக்கடை, அல்லது அதே கட்டட வாசலில் ஷெட். (கட்டியபிறகு தரம் எப்படி என்பது தனிக் கதை. 2021-ல் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் தொட்டால் உதிர்ந்த சிமெண்டுப் பூச்சை டிவியில் எல்லோரும் பார்த்தோம்.)

காப்பகங்கள் இருக்கின்றனவே என்பீர்கள். லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், 24 மணி நேரமும் திறந்திருக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. மாநகராட்சியின் காப்பகங்களைத் தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. தனியாக விடப்பட்ட முதியவர்களுக்கும் மனநலம் குன்றியவர்களுக்கும் அவை பெரிய உதவி. ஆனால் பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. புருஷன் ஓரிடம், பெண்டாட்டி ஓரிடம், பெட்டி எங்கே என்றால் குடும்பம் போகாது.

சரி, என்ன செய்யலாம்? பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் அடுக்கு வீடு ஒன்றுக்கு மத்திய அரசு தரும் பங்கு ஒன்றரை லட்சம், மீதிச் செலவில் பெரும்பகுதி மாநிலத்தின் தலையில். அந்த ஒன்றரை லட்சத்தில் மூன்று குடும்பங்களின் அட்வான்ஸைக் கட்டிவிடலாம், அதுவும் திரும்பி வரக்கூடிய பணம். வாரியம் நேராக வீட்டுக்காரர் கணக்கில் போடட்டும், காலி செய்யும்போது வாரியத்துக்கே திரும்பட்டும், வாடகையை மட்டும் குடும்பம் பார்த்துக்கொள்ளட்டும். பணம் எங்கிருந்து என்றால், பெரிய கட்டடங்களுக்கு அனுமதி கொடுக்கும்போது சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) உறைவிடக் கட்டணம் என்று ஒன்று வசூலிக்கிறது. அதில் ஒரு பங்கு போதும், தொடங்கிப் பார்க்க.

வீட்டு வசதிக்கான செலவு என்று அரசு கணக்கில் எழுதாத ஒன்றும் இங்கே வேலை செய்திருக்கிறது. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கண்ணகி நகரிலிருந்து வீட்டு வேலைக்கு வருகிற பெண்கள் பலர் இன்னும் அங்கேயே தாக்குப்பிடிப்பதற்கு அந்த பஸ் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

அட்வான்ஸ் திட்டத்தால் தீராத ஒன்று உண்டு, மறைக்கவில்லை. பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு போனாலும், 'நீங்க எந்த ஆளுங்க, இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?' என்றுதான் முதலில் கேட்பார்கள். 'நடைபாதையில்' என்று சொன்னதும் கதவைச் சாத்துகிற வீட்டுக்காரரிடம் வாரியம் ஜாமீன் நிற்குமா என்பதையும் சேர்த்துத்தான் அந்தத் திட்டத்தை எழுதவேண்டியிருக்கும்.