வாசகர் கேள்வி பதில்: அஸ்தியோடு நாடு மாறும்போது

கேள்வி: என் கணவர் நியூ ஜெர்சியில் காலமானார், தகனமும் அங்கேயே நடந்தது. அஸ்தியைப் பித்தளைக் கலசத்தில் போட்டு வீட்டில் வைத்திருக்கிறேன். இப்போது வீட்டை விற்றுவிட்டுச் சென்னைக்கே குடிவருகிறேன். வந்ததும் ராமேஸ்வரத்தில் கரைக்க எண்ணம். கலசத்தைப் பூஜைச் சாமான்களோடு கப்பலில் அனுப்பிவிடலாமா? டெக்சாஸில் இருக்கும் மகள் தனக்கும் சிறிது வேண்டும் என்கிறாள். அவளுக்குக் கூரியரில் அனுப்ப முடியுமா?
- ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: கப்பலில் வேண்டாம், அம்மா. வீட்டுச் சாமான்களை ஏற்றி அனுப்பும் நிறுவனங்கள் பலவும் அஸ்தியை ஏற்பதில்லை. சொல்லாமல் பெட்டிக்குள் வைத்துவிட்டால், வாரக்கணக்கில் கடலில் வந்த கன்டெய்னரைத் துறைமுகத்தில் சுங்க அதிகாரிகள் பிரிக்கும்போது, சீட்டோ சான்றோ இல்லாத சாம்பல் நிறத் தூள் பாத்திரங்களுக்கு நடுவிலிருந்து வெளிவரும். அது என்னவென்று எடுத்துச் சொல்ல நீங்கள் பக்கத்தில் இருக்கமாட்டீர்கள். வளர்ந்த ஒருவரின் அஸ்தி பெரும்பாலும் இரண்டு, மூன்று கிலோதான் இருக்கும். அதை உங்கள் கைப்பையில், உங்களோடு விமானத்தில் எடுத்து வருவதே சரி. செக்-இன் பெட்டியில் வைக்கச் சில விமான நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை; அனுமதித்தாலும், பெட்டி வேறு ஊருக்குப் போய்விடும் அபாயத்தை இதில் ஏற்க வேண்டாம் என்பேன்.

சிக்கல் உங்கள் பித்தளைக் கலசத்தில் இருக்கிறது. அமெரிக்க விமான நிலையங்களில் அஸ்திப் பெட்டி எக்ஸ்ரே கருவிக்குள் போயே ஆக வேண்டும். கனத்த உலோகத்தை அந்தக் கதிர் ஊடுருவாது. உள்ளே இருப்பது தெரியாவிட்டால் பெட்டியை விடமாட்டார்கள். அதே வேளையில், இறந்தவருக்கு மரியாதை என்ற முறையில், நீங்களே கேட்டுக்கொண்டாலும் அதைத் திறந்து பார்க்கவும் மாட்டார்கள். ஆகவே தகன மையத்தில் முதலில் கொடுத்த பிளாஸ்டிக் பெட்டி இருந்தால் அதற்கே மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் மெல்லிய மரப்பெட்டி போதும். கலசத்தைக் காலியாகக் கப்பலில் அனுப்பலாம். மாற்றும்போது, எண் பொறித்த சிறிய உலோக வில்லை ஒன்று அஸ்திப் பையோடு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே தகனத்தின்போது உடலோடு வைத்து, பிறகு அஸ்தியோடு சேர்த்துக் கொடுக்கும் அடையாளம் அது. அதைத் தனியே எடுத்துவிடாதீர்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பால் தெளித்து எலும்பு பொறுக்குவதைப் போல அங்கே செய்வதில்லை. எரிந்து மிஞ்சும் எலும்பை இயந்திரத்தில் பொடித்தே தருவார்கள். ராமேஸ்வரத்தில் புரோகிதர் 'எலும்பு எங்கே?' என்று கேட்டால் நீங்கள் திகைக்க வேண்டியதில்லை. பெட்டியில் இருக்கும் அந்தத் தூளே எலும்புதான்.

அடுத்தது காகிதங்கள். இறப்புச் சான்றிதழ், தகனச் சான்றிதழ், கணவரின் பாஸ்போர்ட், உங்கள் பாஸ்போர்ட் ஆகியவற்றைக் கொண்டு நியூயார்க்கிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் அஸ்தியை எடுத்துச் செல்வதற்கான தடையில்லாச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள்; நியூ ஜெர்சி அதன் எல்லைக்குள்தான் வருகிறது. அவர் இந்தியக் குடிமகனாக இருந்திருந்தால் அவருடைய பாஸ்போர்ட்டை ரத்து செய்யும் வேலையையும் அப்போதே முடித்துவிடலாம். வீட்டைக் காலி செய்வதற்கு முன்பே இதைத் தொடங்குவது நல்லது, ஏனென்றால் மூட்டை கட்டும் பரபரப்பில் அசல் சான்றிதழ்களும் பெட்டிக்குள் போய் ஏறிவிடுவது எளிதில் நடக்கக்கூடியது. எல்லாவற்றையும் ஒரே உறையிலிட்டு அஸ்தியோடு கையில் வைத்துக்கொள்ளுங்கள். துபாய், பிராங்பர்ட் போன்ற ஊர்களில் விமானம் மாறினால் அங்கேயும் சோதனை உண்டு; டிக்கெட் எடுக்கும்போதே விமான நிறுவனத்திடம் சொல்லிவிட்டால் மூன்று இடத்தில் மூன்று விதமாகப் பதில் சொல்லும் தொல்லை இருக்காது.

இறப்புச் சான்றிதழில் கூடுதல் பிரதிகள் வாங்கி, ஒன்றுக்காவது அப்போஸ்டில் முத்திரை (சான்றிதழ் வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கு அரசு தரும் சான்று) பெற்று வாருங்கள். அஸ்திக்காகச் சொல்லவில்லை, பட்டா மாற்றவோ வங்கிக் கணக்கை முடிக்கவோ போகும்போது அது கேட்கப்படும். சென்னைக்கு வந்த பிறகு நியூ ஜெர்சியின் தலைநகரான டிரென்டனிலிருந்து அதை வாங்குவது பெரும் அலைச்சல்.

மகளுக்குக் கூரியர் உதவாது. ஃபெடெக்ஸ், யூபிஎஸ் இரண்டும் அஸ்தியை ஏற்பதில்லை. அமெரிக்க அஞ்சல் துறை மட்டுமே ஏற்கும், அதுவும் விரைவு அஞ்சலில் மட்டும். 2025 மார்ச் முதல் தேதியிலிருந்து இதற்கென அத்துறையே தரும் தனிப் பெட்டியில்தான் அனுப்ப வேண்டும். உள்ளே தூள் கசியாத இன்னொரு பெட்டியும் வேண்டும். பிரித்துக் கொடுக்கலாமா என்பது உங்கள் குடும்ப வழக்கத்தைப் பொறுத்தது. என்னைக் கேட்டால், கேட்பவள் மகள்; கொடுப்பதில் குறையொன்றும் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: அப்பாவைப் பெசன்ட் நகர் மயானத்தில் தகனம் செய்தோம். அம்மாவை மெல்போர்னுக்கே அழைத்துச் செல்கிறேன். அஸ்தியில் கொஞ்சம் தன்னோடு வரவேண்டும் என்கிறார். மஞ்சள் துணி கட்டிய மண் கலயத்தை அப்படியே கொண்டு போகலாமா?
- ஒரு வாசகர், சென்னை

பதில்: அஸ்தியைக் கொண்டு போகலாம், அதற்கு ஆஸ்திரேலியாவில் தனி இறக்குமதி அனுமதி தேவையில்லை. அப்படியே கொண்டு போவதுதான் முடியாது. கலயத்தில் அஸ்தியோடு பூ, அரிசி, தர்ப்பை, எள் என்று ஏதேனும் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அந்நாட்டு உயிரியல் பாதுகாப்பு விதிகள் அங்கேதான் குறுக்கே வரும். மண் ஒட்டியிருந்தாலும் விடமாட்டார்கள். அஸ்தியை மட்டும் தனியே எடுத்து, மூடி இறுகிய புதிய பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். மரப்பெட்டிதான் வேண்டும் என்றால் பட்டையோ பூச்சித் துளையோ இல்லாததாகப் பார்த்து வாங்கி, இறங்கும்போது பயணிகள் படிவத்தில் அதைக் குறிப்பிட்டுவிடுங்கள். மாநகராட்சி தரும் இறப்புச் சான்றிதழோடு மயானத்தில் கொடுத்த ரசீதையும் எடுத்துச் செல்லுங்கள். ரசீது தொலைந்திருந்தால் பயணத்துக்கு முன்பே மயான அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.