பன்னிரண்டாம் வகுப்பின் தேதிகளை யார் கணக்கில் வைப்பது?

கேள்வி: நாங்கள் கலிஃபோர்னியாவில், ஃப்ரீமாண்ட் நகரில் வசிக்கிறோம். இங்கேயே பிறந்த எங்கள் மகள் இந்த ஆகஸ்டில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். நானும் கணவரும் மதுரையில் பிளஸ் டூ படித்தவர்கள். மார்ச்சில் ஒரு பொதுத்தேர்வு, பிறகு ஒரு கலந்தாய்வு, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். இங்கே கல்லூரிக்கு ஒரு தேதி, உதவித்தொகைக்கு ஒரு தேதி, பரிந்துரைக் கடிதத்துக்கு ஒரு தேதி என்று தலை சுற்றுகிறது. நாற்பதுக்கும் மேற்பட்ட தேதிகளை ஒரு எக்ஸெல் தாளில் போட்டு வைத்திருக்கிறேன். அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே, “அது என் வேலை, நீ விடும்மா” என்கிறாள். பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் காமன் ஆப் தளத்தின் கடவுச்சொல்லைக் கேட்டதற்குச் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. கணவர் எச்-1பி வேலை விசாவிலும் நான் அவரைச் சார்ந்த எச்-4 விசாவிலும் இருக்கிறோம்; அமெரிக்க அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி எண் எனக்குக் கிடையாது என்பதும் ஒரு கவலை. டிசம்பர் விடுமுறையில் மதுரைக்குப் போக டிக்கெட் எடுத்தாயிற்று. தேதி ஏதாவது தவறிவிட்டால் என்ன செய்வது? அவள் போக்கில் விடுவதா, நானே பிடித்துக்கொள்வதா?

— ஒரு தாய், ஃப்ரீமாண்ட்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தாளில் இருக்கும் தேதிகளில் பெரும்பாலானவை கல்லூரிகள் தம் இணையதளத்தில் அறிவித்திருக்கும் கடைசி நாட்களாகவே இருக்கும் என்று ஊகிக்கிறேன். அந்த நாட்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. பள்ளியில் அதைப் பற்றித்தான் பேச்சாக இருக்கும், தோழிகள் நினைவூட்டுவார்கள், கல்லூரியே மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்கும். ஆகவே அவற்றை மறந்து கோட்டைவிடும் பிள்ளைகள் குறைவு. கைநழுவிப் போவது பெரும்பாலும் வேறு வகை நாட்கள்: ஓர் ஆசிரியரிடம் கடிதம் கேட்டிருக்க வேண்டிய நாள், மாணவர்களுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சலர் மதிப்பெண் சான்றை அனுப்புவதற்கு விண்ணப்பம் கொடுத்திருக்க வேண்டிய நாள், அப்பா உட்கார்ந்து வரிக் கணக்கைத் திறக்க வேண்டிய நாள். இன்னொருவர் கையை எதிர்பார்த்து நிற்கும் இந்த நாட்களைக் கல்லூரியின் இணையதளம் சொல்லாது. அவற்றை நாமேதான் பின்னோக்கிக் கணக்கிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பரிந்துரைக் கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். பல தனியார் கல்லூரிகளின் முன்கூட்டிய விண்ணப்பத்துக்கு நவம்பர் 1 கடைசி நாள். அன்றைக்குள் கடிதம் போய்ச் சேர வேண்டுமென்றால் ஆசிரியருக்குச் சில வாரங்களாவது தேவை. பதினோராம் வகுப்பில் வேதியியலோ வரலாறோ கற்பித்த, பிள்ளைகள் விரும்பும் அந்த ஓர் ஆசிரியரிடம் இன்னும் எத்தனையோ பேர் கேட்டிருப்பார்கள். சில ஆசிரியர்கள் இத்தனை பேருக்குத்தான் எழுதுவேன் என்று வரம்பு வைத்துக்கொள்வதும் உண்டு. மே மாதமே கேட்டிருந்தால் நல்லது. கேட்கவில்லையென்றால் பள்ளி திறந்த முதல் வாரத்தில், நேரில், உங்கள் மகளே போய்க் கேட்கட்டும். இதில் நீங்கள் ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதக் கூடாது, எவ்வளவு பணிவாக எழுதினாலும் கூடாது. காமன் ஆப்பில் இன்னொரு சிறு முடிச்சும் இருக்கிறது: கடிதத்தைப் பிற்பாடு பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேனா இல்லையா என்று கேட்கும் ஃபெர்ப்பா (மாணவர் ஆவண உரிமைச் சட்டம்) பகுதியை மாணவி நிரப்பிக் கையொப்பமிட்ட பிறகுதான் ஆசிரியருக்கு அழைப்பே அனுப்ப முடியும். ஆசிரியர் வாயால் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நிம்மதியாக இருந்துவிட்டு, அக்டோபர் கடைசியில் அவருக்கு அழைப்பே போகவில்லை என்று கண்டுபிடிப்பது இதனால்தான் நேர்கிறது.

கவுன்சலர் விஷயம் இதைவிடச் சிக்கலானது. ஒரு கவுன்சலருக்கு 250 மாணவர்கள் என்பது அமெரிக்கப் பள்ளிக் கவுன்சலர்கள் சங்கம் பரிந்துரைக்கும் அளவு. பெரிய அரசுப் பள்ளிகளில் அதைவிடக் கூடுதலான பிள்ளைகளை ஒருவரே கவனிப்பது சாதாரணம். அதனால் பல பள்ளிகள் கல்லூரியின் தேதிக்குச் சில வாரங்கள் முன்னதாகவே தமக்கென்று ஓர் உள் கடைசி நாளை வைத்திருக்கும். கவுன்சலர் கடிதத்துக்காகப் பெற்றோரும் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருக்கலாம். உங்கள் மகளின் பள்ளியில் அந்த நாள் எது என்பதைத்தான் ஆகஸ்டில் முதல் வேலையாகக் கேட்டறிய வேண்டும். உங்கள் நாற்பது தேதிகளைக் காட்டிலும் இந்த ஒன்று முக்கியமானது.

கலிஃபோர்னியாவில் இருப்பதில் உங்களுக்கு ஓர் ஆறுதலும் உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின், அதாவது எல்லோரும் யூ.சி. என்று சொல்லும் அமைப்பின், இளநிலைப் படிப்பு உள்ள ஒன்பது வளாகங்களுக்கும் விண்ணப்பம் ஒன்றுதான். பொதுவாகப் பரிந்துரைக் கடிதம் கேட்பதில்லை, எஸ்.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைச் சேர்க்கைக்குப் பார்ப்பதே இல்லை. எட்டுக் கேள்விகளில் நான்குக்கு, ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்கு மிகாமல், பதில் எழுத வேண்டும். ஆகஸ்ட் 1 அன்று திறக்கும் விண்ணப்பத்தை அக்டோபரிலிருந்து சமர்ப்பிக்கலாம். வழக்கமான கடைசி நாள் நவம்பர் 30. வார இறுதியில் விழுந்தால் தள்ளிப்போவதுண்டு. 2024-இல் அது டிசம்பர் 2 ஆயிற்று. ஆனால் அந்த நாள் தேங்க்ஸ்கிவிங் விடுமுறையை ஒட்டியே வருகிறது என்பதைக் கவனியுங்கள். பள்ளி மூடியிருக்கும், கவுன்சலர் இருக்க மாட்டார், இணையதளத்தில் கூட்டமாக இருக்கும். மேலும், யூ.சி. விண்ணப்பத்தில் பாடங்களையும் மதிப்பெண்களையும் மாணவியே தட்டச்சு செய்ய வேண்டும். சேர்க்கை கிடைத்த பிறகு பள்ளி அனுப்பும் இறுதிச் சான்றோடு அவை ஒத்துப்போகவில்லை என்றால் கிடைத்த இடம் ரத்தாகக்கூடும். நினைவிலிருந்து நிரப்பாமல் மதிப்பெண் சான்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்ப, நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கச் சொல்லுங்கள். அவள் அனுமதித்தால், நீங்கள் வாசிக்க அவள் சரிபார்க்கலாம். அந்த ஒரு வேலைக்கு இரண்டு பேர் தேவை.

இனி உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் உரிய தேதிகள். நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதைத்தான். மகளின் கட்டுரைகளைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோர் பலர், தாங்கள் மட்டுமே செய்யக்கூடிய பண வேலைகளைக் கடைசியில் அவசர அவசரமாகச் செய்வதைப் பார்க்கிறேன். மத்திய அரசின் உதவிப் படிவமான ஃபாஃப்சா வழக்கமாக அக்டோபர் 1 அன்று திறக்கும். 2023-இல் புதுப்பித்த படிவம் டிசம்பர் கடைசிவரை திறக்காமல் நாடே அல்லாடியதால், அக்டோபர் 1-க்குள் திறந்தாக வேண்டும் என்று 2024 டிசம்பரில் சட்டமே வந்துவிட்டது. உங்கள் மகள் அமெரிக்கக் குடிமகள் என்பதால், பெற்றோரின் விசா எதுவாக இருந்தாலும் அவள் விண்ணப்பிக்கலாம். நீங்களும் கணவரும் சேர்ந்து வரிக் கணக்குத் தாக்கல் செய்திருந்தால் பெற்றோர் தரப்பில் ஒருவர் விவரம் தந்தால் போதும்; கணவரே அதைச் செய்துவிடலாம். எனவே உங்களுக்கு எண் இல்லை என்ற கவலையை இத்துடன் விட்டுவிடுங்கள். மகளும் அவரும் அந்தப் படிவத்துக்கான இணையதளத்தில் தனித்தனியே கணக்குத் தொடங்க வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி எண்ணைச் சரிபார்க்கச் சில நாட்கள் பிடிக்கலாம் என்பதால் அதைச் செப்டம்பரிலேயே செய்துவைப்பது நல்லது.

எச்-1பி சம்பளத்தில் நமக்கு என்ன உதவி கிடைக்கப்போகிறது என்று கணவர் கேட்கலாம். மானியம் கிடைக்காமலும் போகலாம்தான். ஆனாலும் மாணவி தன் பெயரில் எடுக்கும் மத்திய அரசுக் கடனுக்கு இந்தப் படிவம் தேவை. அதோடு கலிஃபோர்னியாவில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் நிதியுதவிப் படிவத்தை நிரப்பினாரா, அல்லது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாரா என்பதைப் பள்ளி மாவட்டம் உறுதி செய்தாக வேண்டும், எப்படியும் கேட்பார்கள். மாநிலத்தின் கால் கிராண்ட் உதவிக்கு மார்ச் 2 என்பது நெடுங்காலமாக இருந்துவரும் தேதி. தனியார் கல்லூரிகள் பல, இதற்கு மேல் சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் என்ற இன்னொரு நீண்ட படிவத்தையும் கேட்கின்றன. முன்கூட்டி விண்ணப்பிப்பவர்களிடம் அதை நவம்பரிலேயே கேட்பார்கள்.

முன்கூட்டி விண்ணப்பிப்பதிலும் ஒரு வகை, கிடைத்தால் சேர்ந்தே தீர வேண்டும் என்று கட்டுப்படுத்துவது. ஏர்லி டிசிஷன் என்ற அந்த ஒப்பந்தத்தில் மாணவி, பெற்றோரில் ஒருவர், கவுன்சலர் மூவரும் கையொப்பமிட வேண்டும். அக்டோபர் கடைசி இரவில் மகள் மடிக்கணினியை நீட்டி, “இங்கே கையெழுத்துப் போடுங்கப்பா” என்று கேட்கும்போதுதான் முதன்முதலாகக் கட்டணத்தைப் பற்றிப் பேசுவது என்பது மிகத் தவறான வரிசை. 2011 அக்டோபர் முதல், மத்திய அரசின் மாணவர் உதவியில் பங்குபெறும் கல்லூரிகள், முதலாண்டுச் செலவை மதிப்பிட்டுக் காட்டும் கணிப்பானைத் தம் இணையதளத்தில் வைத்திருக்க வேண்டும். அவள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு கல்லூரிக்கும் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஆண்டுக்கு நம்மால் எவ்வளவு முடியும் என்பதை ஆகஸ்டிலேயே தொகையாகச் சொல்லிவிடுங்கள். நம் வீடுகளில் பிள்ளைகளிடம் பணக் கணக்கைச் சொல்லக் கூச்சப்படுகிறோம்; படிப்புக்கு எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுகிறோம். அதை நம்பி அவள் பட்டியல் போட்டுவிட்டு ஏப்ரலில் ஏமாந்து நிற்பது அவளுக்கு இழைக்கும் அநீதி.

தாளை எப்படிப் பிரிப்பது என்றால், எக்ஸெல் கோப்பை அவளிடம் கொடுத்துவிடுங்கள். அவள் அதை வைத்துக்கொள்வாளோ, அழித்துவிட்டுத் தன் கைப்பேசியில் வேறு விதமாக எழுதிக்கொள்வாளோ, அது அவள் விருப்பம். உங்களிடம் பணத் தேதிகள் மட்டும் இருக்கட்டும். இவை தவிர, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு மாத நாட்காட்டி வேண்டும். ஊரிலிருந்து வரும் நகைக்கடை நாட்காட்டியே போதும், அமாவாசையும் தீபாவளியும் அதில் அச்சாகியிருக்கும், தேங்க்ஸ்கிவிங்கை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அதில் கல்லூரிப் பெயர்களை எழுத வேண்டாம். வீட்டில் யாருடைய கை வேண்டுமோ அந்த நாளை மட்டும் குறியுங்கள்: அப்பா படிவம் நிரப்பும் நாள், அம்மா கார் ஓட்ட வேண்டிய நாள், விண்ணப்பக் கட்டணத்துக்குக் கடன் அட்டை தேவைப்படும் நாள். தீபாவளியும் நவம்பர் 1-உம் அடுத்தடுத்து வரும் ஆண்டுகள் உண்டு. 2024-இல் தீபாவளி அக்டோபர் 31 அன்று வந்தது. விருந்தினரை அழைப்பதற்கு முன் அந்த வாரத்தைப் பாருங்கள். பட்டமளிப்பு அங்கிக்கான பதிவு, ஆண்டு மலருக்கான புகைப்படம், பள்ளியிலேயே கல்லூரி நிலைப் பாடங்களுக்கு எழுதும் ஏ.பி. தேர்வுக்கான பதிவு போன்றவையும் இந்த நாட்காட்டியில் வரலாம். மே மாதம் நடக்கும் ஏ.பி. தேர்வுக்கு இலையுதிர் காலத்திலேயே பதிய வேண்டும் என்பதை முதல் பிள்ளையின் பெற்றோர் பலர் எதிர்பார்ப்பதில்லை.

வாரம் ஒரு முறை, அவள் தேர்ந்தெடுக்கும் கிழமையில், இருபது நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். அப்போது “எல்லாம் முடிந்ததா?” என்று கேட்காதீர்கள், அதற்கு “ஆச்சு” என்பதைத் தவிர வேறு பதில் வராது. “யாரிடமிருந்து எது வர வேண்டியிருக்கிறது?” என்று கேளுங்கள். மற்ற ஆறு நாட்களும் சாப்பாட்டு நேரத்தில் கல்லூரிப் பேச்சே வேண்டாம். இதைக் கடைப்பிடிப்பது உங்களுக்குத்தான் கடினம், அவளுக்கு அல்ல.

மதுரைப் பயணத்தை ரத்து செய்ய வேண்டியதில்லை. ஆனால் தனியார் கல்லூரிகள் பலவற்றின் வழக்கமான கடைசி நாள் ஜனவரி முதல் வாரத்தில் விழுகிறது. விமானம் ஏறுவதற்கு முன் அத்தனை விண்ணப்பங்களும் போய்விட வேண்டும் என்பதை நிபந்தனையாகவே வையுங்கள். இணையம் கிடைக்காது என்பதற்காகச் சொல்லவில்லை, மதுரையில் கிடைக்கும். ஆனால் கணக்கில் நுழைவதற்கான குறியீடு உங்கள் அமெரிக்கக் கைப்பேசி எண்ணுக்கு வரும், அது அங்கே வேலை செய்யாமல் போகலாம். பள்ளியும் விடுமுறையில் இருக்கும். காமன் ஆப்பில் கட்டணம் செலுத்திவிட்டு, அத்துடன் முடிந்தது என்று மூடிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். திரும்ப வந்து கையொப்பமிட்டுச் சமர்ப்பித்தால்தான் விண்ணப்பம் போய்ச் சேரும். சமர்ப்பித்த பிறகு ஒவ்வொரு கல்லூரியும் தன் மாணவர் பக்கத்துக்கு நுழைவு விவரம் அனுப்பும். எந்தச் சான்று வந்து சேரவில்லை என்பது அங்கேதான் தெரியும். அந்தப் பக்கங்களைப் பயணத்துக்கு முன் ஒரு முறையும் திரும்பியதும் ஒரு முறையும் அவள் பார்க்கட்டும்.

வசந்த காலத்தில் தேதிகள் குறையும், கவனமும் குறையும். பல கல்லூரிகளுக்கு மே 1-க்குள் சேருவதை உறுதி செய்ய வேண்டும். விடுதிக்கு வேறு தேதி இருக்கலாம். யூ.சி.யில் சேர்ந்தால், மாநிலத்தில் வசிப்போருக்கான குறைந்த கட்டணத்தைப் பெற வசிப்பிடப் படிவத்தையும் நிரப்ப வேண்டும். எச்-1பி, எச்-4 விசாவில் இருப்பவர்களும் வசிப்பிடத் தகுதி பெறலாம் என்பதால் விசாவைப் பார்த்துப் பயந்து அதைத் தள்ளிப்போடாதீர்கள். இறுதி மதிப்பெண் சான்று ஜூலை 1-க்குள் யூ.சி.க்குப் போய்ச் சேர வேண்டும். பட்டமளிப்பு முடிந்து, பள்ளி அலுவலகம் பாதி மூடி, பள்ளி கொடுத்த மின்னஞ்சல் முகவரியும் செயலிழக்கக்கூடிய நேரம் அது. அதனால் விண்ணப்பங்கள் எல்லாவற்றுக்கும் ஆகஸ்டிலேயே அவளுடைய சொந்த முகவரியைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கடவுச்சொல்லைக் கேட்காதீர்கள். அதில் அவளுடைய கட்டுரை இருக்கிறது. உங்களைப் பற்றியும் அதில் எழுதியிருக்கலாம். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு விண்ணப்பமும் போனதும் வரும் உறுதி மின்னஞ்சலை உங்களுக்கு அனுப்பிவைக்கும்படி கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பாள்.