இஎஸ்பி32 போர்டு: பின்னுக்குப் பின் குணம் வேறு

வை-ஃபை வசதியுள்ள சிறிய மின்னணுப் பலகையான இஎஸ்பி32 டெவ்கிட் போர்டு பற்றி வந்த கேள்விகள் இவை. 26, 34 என்று வருபவை அதன் பின்களின், அதாவது வயர் இணைக்கும் கால்களின், எண்கள். சிப்பும் ஃபிளாஷ் நினைவகமும் அடங்கிய வ்ரூம்-32 மாட்யூல் பொருத்திய 38 பின் போர்டை மனத்தில் வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, மண் ஈரத்தை அளக்கும் சென்சாரை 26இல் இணைத்தேன். வை-ஃபை இணைந்ததும் அளவு வருவதே இல்லை. சென்சார் பழுதா?

சென்சாரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இந்தச் சிப்பில் அனலாக் அளவை எண்ணாக்கும் பகுதிகள் இரண்டு. இரண்டாவதான ஏடிசி2 வை-ஃபைக்கும் தேவைப்படுவதால், வை-ஃபை ஓடும்போது அது உங்களுக்குக் கிடைக்காது. 0, 2, 4, 12 முதல் 15 வரை, 25 முதல் 27 வரை எல்லாம் அந்தக் கூட்டம். வயரை முதல் பகுதியைச் சேர்ந்த 34க்கு மாற்றுங்கள்.

கேள்வி: பட்டனை 34இல் வைத்தேன். தொடாமலே அழுத்தியதாகக் காட்டுகிறது.

34, 35, 36, 39 நான்கும் உள்ளீட்டுக்கு மட்டுமே. பின்னை 3.3 வோல்ட் பக்கம் இழுத்து வைக்கும் ரெசிஸ்டரான புல்-அப் உள்ளே கிடையாது. நிரலில் எழுதினாலும் பலனில்லை. பின்னுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வையுங்கள். 36, 39 என்று தேடினால் போர்டில் கிடைக்காது. விபி, விஎன் என்று அச்சிட்டிருப்பார்கள். யார் வைத்த பெயரோ!

கேள்வி: அண்ணா, ரிலேவை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை) 12இல் மாட்டினால் போர்டு எழுவதே இல்லை. கழற்றினால் எழுந்துவிடுகிறது.

இதில் நானும் ஒரு மாலை முழுவதையும் தொலைத்திருக்கிறேன், தம்பி. சீரியல் திரையில் ஒரே பிழைச் செய்தி திரும்பத் திரும்ப ஓடும். மின்சாரம் வந்த கணத்தில் சிப் 12ஐப் பார்த்துத்தான் ஃபிளாஷ் நினைவகத்துக்கு எத்தனை வோல்ட் தருவதென்று முடிவு செய்கிறது. அந்த நேரத்தில் ரிலே மாட்யூல் அந்தப் பின்னை உயர் வோல்ட் நிலைக்கு இழுத்துப் பிடித்தால் ஃபிளாஷுக்கு 1.8 வோல்ட் போகும். ஆனால் இந்த மாட்யூலின் ஃபிளாஷுக்கு 3.3 வேண்டும், பிறகு எங்கே எழுவது? 27க்கு மாற்றிவிடு. வெறும் ஆன், ஆஃப் வேலைக்கு அங்கே வை-ஃபை குறுக்கே வராது. 0, 2, 5, 15 ஆகியவற்றையும் சிப் எழும்போது பார்க்கிறது; வேறு இடம் இருக்கும்வரை அவற்றை விட்டுவிடு.

கேள்வி: யூஎஸ்பி முனைக்கு அருகே சிஎல்கே, சிஎம்டி என்று இருப்பவற்றைப் பயன்படுத்தலாமா?

கூடாது. அவை 6 முதல் 11 வரையிலான பின்கள். ஃபிளாஷின் சொந்த வயர்கள். 30 பின் போர்டுகள் பலவற்றில் அவற்றை வெளியே கொண்டுவருவதே இல்லை. அதுதான் நல்லது.

கேள்வி: தூரம் அளக்கும் 5 வோல்ட் அல்ட்ராசோனிக் சென்சாரின் எக்கோ முனையை (அளவைத் திருப்பி அனுப்பும் முனையை) நேராக இணைக்கலாமா?

வேண்டாம், பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. எக்கோவிலிருந்து பின்னுக்கு 1 கிலோ ஓம், பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம். 5 வோல்ட் ஏறக்குறைய 3.3 ஆகிவிடும்.

கேள்வி: கணினி போர்டைக் கண்டுகொள்வதே இல்லை.

முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் தரவு வயர்கள் இருக்காது.

கேள்வி: பிரெட்போர்டில் (சாலிடர் இல்லாமல் வயர் சொருகும் ஓட்டைப் பலகையில்) குத்தினால் ஒரு பக்கம் ஜம்பர் வயர் சொருக ஓட்டையே மிஞ்சவில்லை.

போர்டின் அகலம் அப்படி. இரண்டு பிரெட்போர்டுகளை ஒட்டிவைத்து, நடுவிலுள்ள மின்பட்டையைக் கழற்றிவிட்டு, ஆளுக்கொரு வரிசையாகக் குத்துங்கள்.