வேலையை விட்டால்தான் ஜீவனாம்சம் கிடைக்குமா?

கேள்வி: எனக்கு 31 வயது. பல்லடம் பக்கம் கட்டிக் கொடுத்து எட்டு வருடம் ஆகிறது. மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். கணவர் சொந்தமாகப் பத்து விசைத்தறி போட்டுக் கூலிக்கு ஓட்டுகிறார். அடியும் சந்தேகமும் தாங்க முடியாமல் ஏழு மாதமாக மகளோடு அவிநாசியில் அம்மா வீட்டில் இருக்கிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் நாலரை வருடமாக வேலை பார்க்கிறேன், சம்பளம் 16,500 ரூபாய். கணவர் இரண்டு முறை கம்பெனி கேட்டில் வந்து நின்று சத்தம் போட்டார். "பிரச்சனை முடியற வரைக்கும் நின்னுக்கம்மா, ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடு" என்கிறார் மேனேஜர். பெரியப்பாவும், "வேலையை விட்டுடு, சம்பாதிக்கிற பொண்டாட்டிக்குக் கோர்ட்டுல ஒத்தைப் பைசா தரமாட்டாங்க" என்கிறார். "வேலைக்குப் போறவகிட்ட குழந்தையை விடமாட்டாங்க" என்று கணவர் மிரட்டுகிறார். நான் என்ன செய்வது?

பதில்: அந்த லெட்டரை எழுதாதீர்கள், சகோதரி. மற்ற எல்லாவற்றையும் பிறகு பேசிக்கொள்ளலாம்.

மேனேஜர் கேட்பது "சொந்தக் காரணங்களுக்காக" என்று தொடங்கும் நாலு வரியாக இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால், வேலையை விட்டது நீங்கள், அனுப்பியது அவர்கள் அல்ல என்று ஆகிவிடும். கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்று பிறகு நிரூபிப்பது பெரும்பாடு. இன்னும் ஆறு மாதத்தில் ஐந்து வருடம் நிறைந்து உங்களுக்கு கிராஜுவிட்டி (வேலையிலிருந்து விலகும்போது கம்பெனி தரும் பணிக்கொடை) உரிமையும் வருகிறது. அதைத் தாண்டும் முன்பே இறங்கிப் போகச் சொல்கிறார்கள். மறுபடியும் கேட்டால், "எனக்கு வேலையை விட விருப்பமில்லை" என்று மேனேஜருக்கு ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள். அது தேதியோடு பதிவாகி நிற்கும்.

கம்பெனியின் பயம் கேட்டில் நடக்கும் தகராறு. அதை நிறுத்தச் சட்டத்தில் நேரடியாகவே வழி இருக்கிறது. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 18ஆம் பிரிவில், பாதிக்கப்பட்ட பெண் வேலை பார்க்கும் இடத்துக்குள் எதிர்தரப்பு நுழையக் கூடாது என்று மாஜிஸ்டிரேட் தடை போடலாம். வீட்டுக்குள் நடக்கும் அடிதடிக்கு மட்டுமான சட்டம் இது என்றே நம் பக்கத்தில் பலரும் நினைக்கிறார்கள். ஒரு பெண்ணை முடக்குவதற்கு அவள் வேலையில் கை வைப்பார்கள் என்று தெரிந்தேதான் அந்த வரியை எழுதியிருக்கிறார்கள். நிலைமை அவசரம் என்று உங்கள் பிரமாண வாக்குமூலத்தில் காட்டினால், அவருக்கு நோட்டீஸ் போய்ச் சேரும் முன்பே 23ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவும் வாங்கலாம். உத்தரவின் நகலை இலவசமாகவே தருவார்கள். ஒரு நகலைக் கம்பெனி எச்.ஆரிடமும் ஒன்றை கேட் செக்யூரிட்டியிடமும் கொடுத்து வையுங்கள். மீறி வந்தால் அது தனிக் குற்றம்: ஒரு வருடம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. ஜாமீனில் விட முடியாத பிரிவு.

இந்த மனுவுக்காகப் பல்லடம் போய் அலைய வேண்டாம். நீங்கள் இப்போது தங்கியிருக்கும் ஊரிலும் போடலாம், வேலை பார்க்கும் ஊரிலும் போடலாம். கலெக்டர் ஆபீஸில் சமூக நலத் துறையின் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவரிடம் சொன்னால் நடந்ததை அறிக்கையாக எழுதி மாஜிஸ்டிரேட்டுக்கு அனுப்புவார்.

இப்போது பெரியப்பா சொன்னதற்கு வருகிறேன். பாசத்தில்தான் சொல்கிறார், ஆனால் அது தவறான யோசனை. சம்பாதிக்கும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. சட்டத்தில் வரும் "தன்னைப் பராமரித்துக்கொள்ள இயலாதவள்" என்றால் பிச்சை எடுக்கும் நிலையில் இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை, கணவன் வீட்டில் இருந்த அளவுக்கு வாழ முடிகிறதா என்று பார்க்க வேண்டும் என்று சதுர்புஜ் எதிர் சீதாபாய் வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனைவிக்கு ஏதோ வருமானம் வருகிறது என்பதை மட்டும் வைத்து மனுவைத் தள்ளக் கூடாது என்று 2014இல் சுனிதா கச்வாஹா வழக்கிலும் சொல்லியிருக்கிறது. 16,500 ரூபாயில் வீட்டுச் செலவு, ஸ்கூல் ஃபீஸ், பஸ், மருந்து என்று கணக்குப் போட்டுக் காட்டினால் பற்றாக்குறை தானாகவே தெரியும். உங்கள் சம்பளத்தைப் பார்த்துத் தொகை குறையலாம். அதற்குப் பயந்து மாதச் சம்பளத்தையே விடுவது எந்தக் கணக்கிலும் சேராது. கேஸ் போடும் நேரத்தில் வேலையை விட்டால், ஏன் விட்டீர்கள் என்றுதான் குறுக்கு விசாரணையில் முதல் கேள்வி வரும்.

சம்பளத்தை மறைக்கவும் வேண்டாம். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு வந்த பிறகு, வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாவற்றையும் இருவரும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். அதே தீர்ப்பில்தான் ஜீவனாம்சத்தை மனு போட்ட தேதியிலிருந்து கணக்கிட வேண்டும் என்றும் இருக்கிறது. நீங்கள் யோசித்துக்கொண்டே கழித்த ஏழு மாதத்துக்கும் பணம் கிடைக்காது. எட்டாவது மாதத்தையும் அப்படி விட்டுவிடாதீர்கள். ஜீவனாம்சம் கேட்கும் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144ஆம் பிரிவாக ஆகியிருக்கிறது. மகளுக்கும் சேர்த்து அதில் கேளுங்கள்.

உங்கள் கேஸில் கனமான வேலை கணவரின் வருமானத்தைக் காட்டுவதுதான். "தொழில் நொடிஞ்சு போச்சுங்க, தறி ஓடறதே இல்லை" என்று அவர் சொல்வார் என்று இப்போதே எழுதித் தருகிறேன். கூலித் தறிக்காரருக்கு சம்பளச் சீட்டு கிடையாது, பாதி வரவு ரொக்கமாகத்தான் வரும். ஆனால் தறி ஓடினால் மீட்டர் ஓடும். இரண்டு மாதத்துக்கு ஆயிரம் யூனிட் விசைத்தறிக்கு இலவசம்தான், இருந்தாலும் ஓடிய யூனிட் முழுவதும் ரீடிங்கில் பதிவாகியிருக்கும். அந்தக் கணக்கை மின்வாரியத்திலிருந்து வரவழைக்கச் சொல்லிக் கோர்ட்டில் மனு போடலாம். எங்கள் ஆபீஸுக்கு வந்த இதேபோன்ற ஒரு கேஸில், மூடிக் கிடப்பதாகச் சொன்ன தறிக்கூடத்தின் ரீடிங் அதற்கு முந்தைய வருடத்தைவிடக் கூடுதலாக இருந்தது. அதைப் பார்த்ததும் அவர்கள் வக்கீலே சமரசம் பேச வந்துவிட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் கணக்குத் தெரிந்தவர். கம்பெனிக்குப் போகும் முன்பு தறிக்கூடத்தில் பாவு (தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்), நூல் வந்ததையும் துணி கொடுத்து அனுப்பியதையும் நோட்டில் எழுதியது யார்? நம் பக்கத்தில் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான் எழுதுகிறார்கள். நீங்களும் எழுதியிருந்தால், எந்த முதலாளியிடமிருந்து பாவு வந்தது, ஒரு மீட்டர் துணிக்கு என்ன கூலி, வாரத்துக்கு எவ்வளவு கைக்கு வந்தது என்று நினைவில் இருப்பதை இன்றைக்கே தாளில் எழுதி வையுங்கள். நோட்டின் போட்டோ போனில் இருந்தால் அழித்துவிடாதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். மிரட்டிய வாய்ஸ் மெசேஜ்களுக்கும் இதேதான். நோட்டை எடுக்கப் பல்லடத்து வீட்டுக்குத் தனியாக மட்டும் போய்விடாதீர்கள்.

குழந்தையைப் பற்றிய மிரட்டலுக்குப் பயப்படவே வேண்டாம். அம்மா வேலைக்குப் போகிறாளா என்பதை வைத்து முடிவு செய்ய மாட்டார்கள், குழந்தையின் நலன்தான் முக்கியம். விக்ரம் வீர் வோரா வழக்கில், ஆஸ்திரேலியாவில் வேலை பார்த்த தாய் மகனைத் தன்னோடு அங்கே அழைத்துப் போக 2010இல் உச்ச நீதிமன்றமே அனுமதி கொடுத்தது. திருப்பூர் போய் வருவதற்கா உங்களிடமிருந்து பிரித்துவிடுவார்கள்? நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் பாட்டி பார்த்துக்கொள்கிறார், ஸ்கூல் பக்கத்தில் இருக்கிறது என்பதை மனுவில் தெளிவாகச் சொன்னால் போதும். அப்பா குழந்தையைப் பார்க்க வர விரும்பினால் தடுக்காதீர்கள். அதற்கு நேரம், இடம் கோர்ட் குறித்துத் தரட்டும்.

வாய்தாவுக்கு லீவு போடுவதை நினைத்தும் கலங்குவீர்கள். எல்லா வாய்தாவுக்கும் நீங்கள் வர வேண்டியதில்லை. சமரசப் பேச்சு, சாட்சியம் என்று கட்டாயமான நாட்கள் எவை என்று வக்கீலிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வந்த நாளுக்குக் கோர்ட்டில் வருகைச் சான்று கேட்டு வாங்கிக் கம்பெனியில் கொடுக்கலாம். வக்கீல் ஃபீஸ் கட்ட முடியாவிட்டால், வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்குப் போன் செய்யுங்கள்.

கடைசியாக, உங்கள் பி.எஃப். கணக்கைத் திறந்து நாமினி யார் என்று பாருங்கள். கணவர் பெயர் இருந்தால் மகள் பெயருக்கு மாற்றிவிடலாம், இதற்குக் கோர்ட் உத்தரவு எதுவும் தேவையில்லை. அவள் மைனர் என்பதால் கார்டியன் பெயர் கேட்கும், உங்கள் அம்மாவின் பெயரைக் கொடுங்கள்.