ஆயில் மாற்றிய பின் கசிகிறதா? போல்ட்டை இறுக்கும் முன்...

கேள்வி: என் மோட்டார் சைக்கிளுக்கு வீட்டிலேயே ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன். மறுநாளே டிரெயின் போல்ட்டை (பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்) சுற்றி ஆயில் கசிந்திருந்தது. இன்னும் இறுக்கினால் நின்றுவிடுமா?

பதில்: தயவுசெய்து இறுக்காதீர்கள். முதலில் அது கசிவுதானா என்று பாருங்கள். ஃபில்டர் மூடியைக் கழற்றும்போது வழிந்த ஆயில், என்ஜினின் மிகத் தாழ்ந்த இடமான டிரெயின் போல்ட்டில்தான் வந்து தேங்கும். ஆகவே அந்தப் பகுதியை நன்றாகத் துடைத்துவிட்டு, சிறிது தூரம் ஓட்டி வந்து, வெள்ளைத் துணியால் போல்ட்டையும் மூடியையும் தனித்தனியே ஒற்றிப் பாருங்கள். மூடிப் பக்கம் ஈரமாக இருந்தால், அதன் ஓ-ரிங் (கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்) பள்ளத்தில் சரியாக உட்காராமல் நசுங்கியிருக்கலாம்.

போல்ட்டில்தான் கசிகிறது என்றால், பெரும்பாலும் காரணம் வாஷர். போல்ட்டின் தலைக்கடியில் இருக்கும் செம்பு அல்லது அலுமினிய வாஷர், இறுக்கும்போது சற்றே நசுங்கி இடைவெளியை அடைப்பதால்தான் ஆயில் நிற்கிறது. ஒருமுறை நசுங்கிய வாஷரை மறுபடி போட்டால் அது அதே போல அடைக்கும் என்று நம்ப முடியாது. அந்தக் குறையைப் பலத்தால் ஈடுகட்ட முயன்றால், எஃகு போல்ட் அலுமினிய என்ஜின் உறையின் மரையை உரித்துவிடும். சில ரூபாய் வாஷருக்குப் பதில் என்ஜின் உறைக்கே செலவு வைக்கும் வேலை இது.

என்ஜின் ஆறியிருக்கும்போது, சுத்தமான உலர்ந்த பாத்திரத்தில் ஆயிலை வடியுங்கள். தூசி படாவிட்டால் அதையே திரும்ப ஊற்றலாம். புது வாஷருடன் போல்ட்டைக் கையாலேயே திருகுங்கள். ஸ்பேனர் இல்லாமல் பல சுற்று இலகுவாக ஏறினால்தான் மரை நேராகப் பிடித்திருக்கிறது என்று பொருள். பிறகு வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ஸ்பேனரால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். பல வண்டிகளுக்கு அது 20 முதல் 30 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும்.

ஆயிலை ஊற்றியபின், இரண்டு, மூன்று நிமிடம் என்ஜினை ஓடவிட்டு நிறுத்தி, அதே அளவு நேரம் காத்திருந்து, வண்டியை நேராக நிறுத்தி ஆயில் மட்டம் பாருங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்த நிலையில் பார்த்தால் மட்டம் தவறாகத் தெரியும்.

இறுக்கும்போது போல்ட் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், மரை ஏற்கெனவே போயிருக்கிறது. அந்த நிலையில் வண்டியை ஓட்டாதீர்கள். பட்டறையில் துளையைச் சற்றே பெரிதாக்கி, உள்ளே எஃகுச் சுருள் மரை பொருத்தித் தருவார்கள்.